ஆடி மழையில் ஓர் ஓபல் மோதிரம்: ஜெய்ப்பூர் நாட்குறிப்பு

ஜூலை 23, புதன்

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே வெக்கை முகத்தில் அடித்தது. மழை பெய்து ஓய்ந்த ஊர் என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் குளிர்ச்சி என்று ஒன்றும் இல்லை. மே மாதத் திருச்சியில் யாரோ தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

அத்தைக்கு ஓபல் மோதிரம் வாங்க வந்திருக்கிறோம். சுக்கிரனுக்கு வைரம் போட வசதி இல்லையென்றால் ஓபல் போதும், வெள்ளியில் கட்டி ஒரு வெள்ளிக்கிழமை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். திருச்சியில் விசாரித்தோம். ஒரே அளவுக் கல்லுக்கு ஒரு கடையில் 4,000, இரண்டு தெரு தள்ளி 18,000. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. "கல் வெட்டுற ஊருக்கே போய்ப் பாத்துடலாம்டி" என்றார் அத்தை.

அத்தை கல் தெரியாதவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு உறையூரில் ஒரு பட்டறையில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. இப்போது அந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஜெய்ப்பூரில் அடங்கவில்லை. மரகதத்துக்குப் பேர் போன ஊர். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பச்சைக் கல் இங்கே வந்து, பட்டை தீட்டி, வெள்ளியிலும் தங்கத்திலும் ஏறித் திரும்பிப் போகிறது.

சாயங்காலம் ஜோஹரி பஜாரில் நடந்தோம். 1727-ல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டம் போட்டு எழுப்பிய நகரம். வீதிகள் நேராக ஓடுகின்றன. கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாகத் தாழ்வாரம். நாங்கள் கடைகளைப் பார்க்கவில்லை, நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். ஸ்கூட்டர் மேல் சாய்ந்தபடி, டீக்கடை வாசலில், மூடிய கடைப் படிக்கட்டில் என்று தரகர்கள் நின்றுகொண்டே வியாபாரம் பண்ணுகிறார்கள். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் வெளியே வரும். எதிராளி பிரிப்பார், இடுக்கியால் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார், திரும்ப மடித்துக் கொடுப்பார். லட்ச ரூபாய்ச் சரக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நாலு கை மாறுகிறது. ரசீது கிடையாது. அத்தை கண் எடுக்கவில்லை.

ராத்திரிக்கு வெங்காயக் கச்சோரி. ஒன்று 50 ரூபாய், அதுவே ஒரு ஆளுக்குப் போதும். மேல் தோல் நொறுங்க, உள்ளே வெங்காயம் காரமும் இனிப்புமாக இருக்கிறது. நாளைக்கு ஆடி அமாவாசை என்பதால் அத்தை வெங்காயத்தை இன்றைக்கே ஒரு கை பார்த்துவிட்டார்.

ஜூலை 24, வியாழன் (ஆடி அமாவாசை)

காலையில் கோவிந்த் தேவ்ஜி கோயில். வட நாட்டுக் கூட்டம் வாய் விட்டுப் பாடும். திரை விலகியதும் மொத்த மண்டபமும் கையைத் தூக்கியது. நம் ஊர் வரிசைக் கம்பி எதுவும் இல்லை, ஆனால் முன்னால் நின்ற பெண்கள் அத்தை உயரம் குறைவு என்று பார்த்துத் தாமாகவே வழி விட்டார்கள். வெளியே வந்து சூடான ஜிலேபியும் பாலும். இருவருக்கும் சேர்த்து 90 ரூபாய்.

அமாவாசை நிறைந்த நாள், வாங்கிவிடலாம் என்றார் அத்தை. பழைய நகரத்துக்குள் ஒரு மாடிக் கடை. செருப்பை வெளியே விட்டு, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார வேண்டும். உட்காருவதற்குள் டீ வந்துவிட்டது. வெள்ளியில் நிலாக்கல், லாப்ரடோரைட், கார்னெட் என்று தட்டுத் தட்டாக வைத்தார்கள். ஓபல் தட்டு வந்ததும் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

அத்தை எடுத்த கல் முட்டை வடிவம், ஐந்தே கால் ரத்தி, அதாவது 4.8 கேரட்டுக்குக் கொஞ்சம் கம்மி. குன்றிமணி எடையை வைத்துத்தான் ரத்தி. கேரட் வந்தும் ராசிக் கல் வியாபாரத்தில் அது போகவில்லை. பாலில் லேசாக மஞ்சள் கலந்த உடம்பு. நேராகப் பார்த்தால் பச்சைத் தீற்றுகள் மட்டும். கொஞ்சம் சாய்த்தால் இடது ஓரத்தில் ஆரஞ்சு எழும், இன்னும் சாய்த்தால் அது சிவப்பாகி நடுவுக்கு வரும், பச்சை பின்வாங்கிப் போகும். வெள்ளியில் பார்க்கும்போது அந்த நிறங்கள் எடுபடுகின்றன. தங்கத்தில் கட்டினால் உலோகத்தின் மஞ்சள் கல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது; வெள்ளி ஒதுங்கி நின்று கல்லைப் பேச விடுகிறது. ஜோசியர் என்ன காரணத்துக்குச் சொன்னாரோ, கண்ணுக்கும் அதுதான் சரி.

"ஆஸ்திரேலியன், மாதாஜி. ரத்தி 2,500" என்றார் கடைக்காரர். கல் 13,125, மோதிரம் 1,400. பேசிப் பேசி 25 ரூபாய்தான் குறைந்தது. 14,500. கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கும்படி கட்டிய மோதிரம், விரலைத் தொட வேண்டுமே. சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தார்கள். நாளைக்கு ஆடி வெள்ளி. காலையில் பாலில் போட்டு எடுத்து, கோயிலில் வைத்துப் போட்டுக்கொள்வதாகத் திட்டம்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. அரை மணி நேரத்தில் படி சௌபட் வட்டம் குளமாகிவிட்டது. நாங்கள் ஏறிய ஈ-ரிக்‌ஷா நடுவழியில் நின்றுபோனது, முழங்கால் தண்ணீர். ஓட்டுநர் பையன் 40 ரூபாய்க் கூலியை வாங்க மறுத்துவிட்டு, அத்தையைக் கைத்தாங்கலாக ஒரு துணிக் கடைத் தாழ்வாரத்தில் ஏற்றிவிட்டுத்தான் வண்டியைத் தள்ளப் போனான். துணிக் கடைக்காரர் முக்காலி போட்டார், துடைத்துக்கொள்ள ஒரு துண்டு, பிறகு இஞ்சி டீ. ஒரு புடவையாவது வாங்கலாம் என்று நான் எழுந்தால், "மழைக்கு ஒதுங்கினவங்க கிட்ட யாரும் வியாபாரம் பண்ண மாட்டாங்க, பெஹன்ஜி" என்று உட்கார வைத்துவிட்டார்.

விடுதிக்கு வந்து சேர எட்டு மணி. அத்தையின் துணிப்பை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. டப்பாவைத் திறந்தால் பஞ்சு முழுக்கத் தண்ணீர். மோதிரத்தை எடுத்து விளக்கடியில் பிடித்தார். நான் பார்த்தது வெறும் கண்ணாடி. பால் நிறம் போயிருந்தது, சிவப்பு போயிருந்தது. கல் வழியாக அத்தையின் விரல் ரேகை தெரிந்தது.

அத்தை ஒன்றும் பேசாமல் மோதிரத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அமாவாசையன்று வாங்கியது என்று அவருக்குள் என்ன ஓடியதோ. நெடுநேரம் தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஜூலை 25, வெள்ளி

காலையிலும் கண்ணாடிதான். ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு பச்சை.

கடை திறந்ததும் போய் நின்றோம். நேற்றைய டீ இன்று வரவில்லை. கடைக்காரர் மோதிரத்தைக் கையில்கூட வாங்காமல், "தண்ணி பட்டா அப்படித்தான் இருக்கும், தலைமுடி காய வைக்கிற மெஷின்ல காட்டுங்க, சரியாயிடும்" என்றார். தண்ணீர் பட்டால் இப்படி ஆகும் என்று நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

படி இறங்கி வரும்போது, வாசலில் உட்கார்ந்திருந்த வயதான தரகர் ஒருவர் கையை நீட்டினார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "மெஷின் எல்லாம் காட்டாதீங்க, வெடிச்சுடும். ராம்கஞ்ச் போங்க, ஓபல் வெட்டுறவங்க கிட்ட காட்டுங்க" என்று சொல்லி, ஒரு பையனையும் கூட அனுப்பினார். தரகு கேட்கவில்லை. பெயரும் சொல்லவில்லை.

ராம்கஞ்ச் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு சாணை. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் உஸ்தாத், அதாவது ஆசான், என்று கூப்பிட்ட பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். வலது கட்டை விரல் நகம் பாதி தேய்ந்து போயிருந்தது. மோதிரத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். கவலையே படவில்லை.

"அபி பானி பியா ஹை" என்றார். தண்ணீர் குடித்திருக்கிறது.

அவர் சொன்னதும், அன்று இரவு நான் தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இது. ஓபல் என்பது சிலிக்காவும் தண்ணீரும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காக் குண்டுகள் ஒரே அளவில் வரிசை குலையாமல் அடுக்கி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் 150-லிருந்து 300 நானோமீட்டர் வரை. அடுக்கின் இடைவெளிகளில் பட்டு வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரிகிறது. பெரிய குண்டுகள் சிவப்பைக் கொடுக்கும், சின்னவை நீலத்தோடு நிற்கும். 1960-களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஆஸ்திரேலிய ஓபலில் இந்த இடைவெளிகள் பெரும்பாலும் அடைபட்டவை, தண்ணீர் உள்ளே போகாது. எத்தியோப்பியாவில் வோலோ பகுதியில் 2008 வாக்கில் கிடைக்கத் தொடங்கிய ஓபல் வேறு மாதிரி. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையில் விளைந்தது, நுண்ணிய துளைகள் நிறைந்தது. தண்ணீரில் போட்டால் குடிக்கும். துளைகளில் தண்ணீர் நிறைந்ததும் கல் தெளிந்து கண்ணாடியாகிவிடும். காய்ந்தால் பழையபடி வந்துவிடும். ஜெய்ப்பூரில் இப்போது வெட்டுகிற ஓபலில் பெரும் பங்கு இந்த வோலோ கல்தான். அங்கே மலைச்சரிவில் கிராமத்து ஆட்கள் உளியும் சுத்தியலுமாகக் குடைந்து எடுக்கிறார்கள். அங்கிருந்து ராம்கஞ்ச் சாணைக்கு வருகிறது.

அப்படியானால் எங்கள் கல் ஆஸ்திரேலியன் இல்லை.

உஸ்தாத் அதைச் சொல்ல ரொம்பத் தயங்கினார். அடுத்தவர் வியாபாரத்தைக் கெடுக்கக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, வாயால் பதில் சொல்லாமல் தராசை இழுத்தார். பட்டை தீட்டிய உதிரிக் கல் ஒன்று: 5.10 கேரட். டீ கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டார். முதலில் கல்லிலிருந்து ஊசி முனை அளவில் குமிழிகள் கிளம்பின. ஓரம் தெளிந்தது, தெளிவு மெல்ல நடுவை நோக்கி நகர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து எடை போட்டால் 5.58. ஈரக் கல்லை எடைக்கு வாங்கினவன் தண்ணீருக்குக் காசு கொடுத்தவன் என்றார் உஸ்தாத். அதனால்தான் பட்டை தீட்டாத கல்லை இங்கே காய்ந்த நிலையில் தவிர வாங்க மாட்டார்களாம்.

இதில் வெட்டுகிறவர் பாடுதான் பெரிசு. சாணையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், வேலை நடக்கும்போதே கல் தெளிந்துவிடும், நிறம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. காய்ந்த கல்லை முதலில் மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்து, முகம் எது என்று மனதில் வைத்துக்கொண்டுதான் குச்சியில் ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் நினைவை நம்பித்தான் வேலை. மற்றக் கற்களை அரக்கைச் சூடு காட்டி ஒட்டுவார்கள். ஓபலுக்குச் சூடு ஆகாது என்பதால் இவர் பசை போட்டு ஒட்டுகிறார். கடைசி மெருகு சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியில், தோல் சுற்றிய சக்கரத்தில்.

அத்தை இந்திக்காகக் காத்திருக்கவில்லை. உஸ்தாத் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குச்சியைக் கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். உஸ்தாத் ஒரு மட்டமான கல் ஒட்டிய குச்சியைக் கொடுத்தார். அத்தை முழங்கையை முட்டியில் ஊன்றி, குச்சியை மூன்று விரலால் உருட்டியபடி சாணையில் வைத்த விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் அந்த வேலையை விட்டு நாற்பது வருஷம் இருக்கும். முகப்புப் பட்டை போட்ட கை இது, வளைவுக் கல்லுக்குப் பழக்கமில்லை. ஓரிடத்தில் தட்டையாக இறங்கிவிட்டது. உஸ்தாத் அவர் மணிக்கட்டின் கோணத்தைக் காற்றிலேயே திருத்திக் காட்டினார். இரண்டாவது சுற்றில் வளைவு வந்துவிட்டது. "உஸ்தாத் ஹோ ஆப்" என்றார் அவர், கை கூப்பி. நீங்கள்தான் உஸ்தாத். அத்தைக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஜும்மா தொழுகைக்கு நேரமானதும் பட்டறை எழுந்தது. போகிற போக்கில் உஸ்தாத் சொன்னது: வெயிலில் வைக்காதே, நெருப்பு காட்டாதே, காகிதத்தின் மேல் வைத்து நிழலில் விடு. மழைக்காலம், நாலு நாள் ஆகலாம். எண்ணெய், மஞ்சள், செண்ட் எதுவும் படக் கூடாது. தண்ணீர் வெளியே வந்துவிடும், எண்ணெய் வராது.

நான் அத்தையைப் பார்த்தேன். வாரா வாரம் எண்ணெய்க் குளியல், தினமும் மஞ்சள். அது போகட்டும், இன்று காலையில் பாலில் போட இருந்தோம்! ராசிக் கல் வாங்குகிற ஆயிரக்கணக்கான பேருக்கு ஜோசியர்கள் சொல்கிற முதல் காரியம் பாலில் ஊறப் போடுவதுதான். இந்தக் கல் அந்தப் பாலையும் குடிக்கும். ஆஸ்திரேலியன் என்று பொய் சொல்லி விற்பதில் காசு நஷ்டத்தைவிடப் பெரிய கேடு இது. என்ன கல் என்று தெரியாதவர் அதை எப்படிப் பார்த்துக்கொள்வார்?

ஜூலை 26, சனி

மோதிரம் இன்னும் மோசம். கண்ணாடியாக இருந்தது நடுவில் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. உஸ்தாத் இதையும் சொல்லியிருந்தார், பாதி காய்ந்தால் இப்படித்தான் கலங்கும் என்று. சொல்லாமல் இருந்திருந்தால் அத்தை அதைக் கிணற்றில் போட்டிருப்பார்.

காலையில் கோபால்ஜி கா ரஸ்தாவில் ஒரு மாடி வெள்ளிப் பட்டறை, உஸ்தாத் கல் கொடுக்கிற இடம். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். 92.5 பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்று வளைந்துவிடும், கல்லைப் பிடித்து நிற்காது. ஓபல் விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கண்டிப்பான வரிசை. பற்றவைப்பு, ராவுவது, மெருகு எல்லாம் முடிந்து மோதிரம் ஆறிய பிறகுதான் கல் உள்ளே போகும். பற்றவைக்கும் சூட்டில் ஓபல் நொறுங்கிவிடும். கல் ஏறிய பிறகு மெருகுச் சக்கரத்தில் காட்டினாலும் ஆபத்து. சக்கரத்தில் பூசிய சிவப்புப் பொடி துளைகளில் ஏறிக் கல்லை அழுக்காக்கும்.

ஒரு இளைஞர் கல் பதிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெல்லிய வெள்ளித் தகட்டுக் கிண்ணத்துக்குள் கல்லை இறக்கினார். எஃகுத் தள்ளியால் முதலில் வடக்கே ஒரு அழுத்து, உடனே தெற்கே ஒன்று, பிறகு கிழக்கு, மேற்கு. ஒரே பக்கமாக அழுத்தினால் கல் எதிர்ப்பக்கம் ஏறிக்கொள்ளுமாம். நாலு திசையும் பிடித்த பிறகு இடைவெளிகளை மெல்ல மெல்ல மடக்கி வந்தார். கடைசியில் வழவழப்பான கம்பியால் ஒரு சுற்று. தகட்டின் விளிம்பு கல்லோடு படிந்து மினுங்கியது. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷமும் அவர் மூச்சை எண்ணி விட்ட மாதிரிதான் இருந்தது. வெள்ளி அன்றைக்குக் கிராம் 115 ரூபாய்ப் பக்கம். விலை ஏற ஏற வெளிநாட்டு ஆர்டர் குறைகிறது என்று பட்டறை முதலாளி அலுத்துக்கொண்டார். ஒரு ஜோடிக் கம்மல் எடுத்தேன், 1,800. பில்லில் எத்தியோப்பியன் ஓபல் என்று அவராகவே எழுதினார்.

அதைப் பார்த்ததும் அத்தைக்கு வேகம் வந்துவிட்டது. நேராக மோதிரம் வாங்கிய கடைக்குப் போனோம். அங்கே வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அத்தை மெத்தையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். டம்ளர் வந்தது. குடிக்கவில்லை. தமிழில் ஆரம்பித்தார், நான் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஆஸ்திரேலியாக் கல் தண்ணி குடிக்காதாம். உங்க தட்டுல ஆஸ்திரேலியான்னு நீங்க சொல்ற கல்லு எது வேணும்னாலும் ஒண்ணு இதுல போடுங்க. ஒரு மணி நேரம் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

குரல் உயரவே இல்லை. கடைக்காரர் தட்டை எடுக்கவில்லை. உள்ளே போய் அவர் அப்பாவைக் கூட்டி வந்தார். பெரியவர் மோதிரத்தைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், மகனிடம் மார்வாரியில் ஏதோ சொன்னார். மகன் தலை குனிந்தது. மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கிக்கொள்ளலாம், அல்லது சரியான விலை போடுகிறேன் என்றார் பெரியவர். எத்தியோப்பியன் கல் ரத்தி 1,200, மோதிரத்தோடு மொத்தம் 7,700 வைத்துக்கொள்கிறேன்.

நான் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அத்தை மாட்டேன் என்றார். "கல்லு என்ன தப்பு பண்ணுச்சு? பேர மாத்திச் சொன்னது இவங்க." 6,800 ரூபாயைப் பெரியவர் எண்ணிக் கையில் வைத்தார். புதுப் பில், அதில் கல்லின் ஊர். அதற்கப்புறம் டீ வந்தது, அத்தை குடித்தார்.

ராத்திரி தால் பாட்டி சூர்மா. சுட்ட கோதுமை உருண்டையை உடைத்து நெய்யில் முக்கி, பருப்பு ஊற்றிச் சாப்பிட வேண்டும். 320 ரூபாய்த் தட்டில் நெய் மட்டும் கால் டம்ளர். பரிமாறிய பையன் போதும் என்ற சொல்லைக் காதில் வாங்கவே மாட்டேன் என்கிறான். அத்தை ஒரு தயிர்சாதத்துக்கு ஏங்கினார்.

ஜூலை 27, ஞாயிறு (தீஜ்)

தீஜ் இங்கே பெண்கள் கொண்டாடுகிற மழைக்காலப் பண்டிகை. கடைகள் பாதி மூடல், ஆனால் ஊர் முழுக்க வீதியில். தீஜ் மாதா ஊர்வலம் திரிபோலியா வாசலிலிருந்து கிளம்புகிறது. யானை, ஒட்டகம், பாண்டு வாத்தியம், பொய்க்கால் குதிரை. பெண்கள் அலை அலையாகக் கோடு போட்ட லெஹரியாப் புடவையில். மேல் மாடத்தில் இடம் பிடித்திருந்த ஒரு குடும்பம் அத்தையைக் கை காட்டிக் கூப்பிட்டு உட்கார வைத்தது. அந்த வீட்டு மருமகளுக்கு அத்தையின் மூக்குத்தி மேல் கண், அத்தைக்கு அவள் வளையல் மேல். மொழியே இல்லாமல் இருவரும் நகைக் கணக்குப் பேசி முடித்தார்கள். வருகிறபோது ஒரு பெட்டி கேவர் கொடுத்தார்கள். தீஜுக்கென்றே செய்கிற இனிப்பு. தேன்கூடு போலத் துளைத் துளையாகப் பொரித்து, பாகில் நனைத்து, மேலே ரபடி, அதாவது சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால். ஒரு துண்டுக்கு மேல் என்னால் முடியவில்லை.

மோதிரத்தில் சுண்ணாம்பு வெளுப்பு குறைந்து, ஓரங்களில் பச்சை வந்திருக்கிறது. அத்தை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறார்.

ஜூலை 28, திங்கள்

விடியற்காலை என்னை உலுக்கி எழுப்பினார். "வந்துடுச்சுடி." ஜன்னலோரம் காகிதத்தின் மேல் கிடந்தது, பால் மஞ்சள் உடம்பு, பச்சை, சாய்த்ததும் ஆரஞ்சு, இன்னும் சாய்த்ததும் சிவப்பு. விரிசல் இருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்து நாலு பக்கமும் பார்த்தோம். இல்லை.

ரயிலுக்கு முன்னால் உஸ்தாதிடம் காட்டிவிட்டு வந்தோம். பஞ்சு வேண்டாம், உலர்ந்த துணியில் சுற்றி வை என்றார். அத்தை திருச்சியிலிருந்து கொண்டு வந்திருந்த முறுக்கில் மீதியைக் கொடுத்தார். பிறகு ஜோசியருக்குப் போன். பாலில் போட முடியாது என்றதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை விடவில்லை: "கல்லு பாலக் குடிச்சுடுங்க. அம்மனுக்கு ஊத்துறேன், மோதிரத்த சும்மா போட்டுக்கறேன்." ஐந்து நிமிஷப் பேச்சுக்குப் பிறகு சரி என்றார். இனிமேல் ஓபல் எழுதிக் கொடுக்கும்போது எந்த ஊர்க் கல் என்று கேட்கச் சொல்வதாகவும் சொன்னாராம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி, உறையூர்

வெக்காளியம்மன் கோயிலில் அபிஷேகத்துக்குப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு, அத்தை மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா கையைப் பிடித்துப் பார்த்து, ஓபலா, ஆஸ்திரேலியாவா, என்ன விலை என்று கேட்டார்.

"எத்தியோப்பியாக் கல்லும்மா. ஜெய்ப்பூர்ல ராம்கஞ்ச்னு ஒரு இடம், அங்க பட்டை போட்டது. ரத்தி 1,200-க்கு மேல குடுக்காதீங்க. எண்ணெய் தேச்சுக் குளிக்கிறப்போ கழட்டி வெச்சுடணும்."